பெஞ்சுல உக்காந்து பை காத்தவ எழுதுறேன்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பக்கத்துல ஒரு பெரியவர் எழுதியிருந்தாரு, நம்ம நாட்டுலயே இத்தனை தீம் பார்க் இருக்கும்போது ஜனங்க கடன ஒடன வாங்கி சிங்கப்பூரு மலேசியா துபாய்னு போறது வெறும் பகட்டுதான், வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்குத்தான் போறாங்கன்னு. படிச்சதும் எனக்கு சுருக்குன்னுச்சு, ஏன்னா போன வருசம் அப்படிப் போயிட்டு வந்த கூட்டத்துல நானும் ஒருத்தி. விளக்குத்தூண் பக்கம் சின்னதா ரெடிமேட் கடை வச்சிருக்கோம், நைட்டி, சுடிதார், புள்ளைங்க உடுப்பு. ரெண்டு வருசம் சீட்டு கட்டி அந்தக் காசுல போனோம். அதனால இந்தக் கடிதத்த கோவத்துல எழுதுறேன்னு நெனச்சாலும் பரவால்ல, முழுசா போட்டீங்கன்னா நல்லது.

மொதல்ல அவரு சொன்னதுல உண்மை இருக்கிறத ஒத்துக்கிறேன். பகட்டு இல்லன்னு சொன்னா அது பொய். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வாசல்ல பெரிய உருண்டை ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும்ல, உள்ள போறதுக்கு முன்னாடியே அதுகிட்ட நின்னு எடுத்த போட்டோவ ஸ்டேட்டஸ்ல வச்சிட்டுத்தான் நானும் டிக்கெட்ட நீட்டினேன். சொந்தக்காரங்க கல்யாணத்துல "நீங்க சிங்கப்பூர் போயிருந்தீங்களாமே"ன்னு யாராச்சும் கேட்டா இன்னிக்கும் காதுக்கு நல்லாத்தான் இருக்கு. அதோட இன்னொண்ணு, முக்காவாசிப் பேரு பார்க்குக்காக ஃப்ளைட் ஏறல, ஃப்ளைட் ஏறுறதுக்கு பார்க் ஒரு சாக்கு. எங்க நாத்தனார் அங்க இருக்காங்க, அவங்க வீட்டப் பாக்கணும், லிட்டில் இந்தியாவுல வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகணும், முஸ்தபாவுல சாமான் வாங்கணும், புள்ளைங்க கேட்டதுனால நடுவுல ஒருநாள் பார்க். மலேசியாக்காரங்க வேற 2023 டிசம்பர்லேருந்து நம்மளுக்கு விசா வேணாம்னுட்டாங்க, திருச்சியிலேருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் டெய்லி ஃப்ளைட் இருக்கு, நாலு மணி நேரத்துல எறங்கிறலாம், அதே நாம பெங்களூரு பார்க்குக்கு வேன் புடிச்சா ராத்திரி பூரா ஒக்காந்து இடுப்பு ஒடிஞ்சி, காலையில ஏதோ ஒரு லாட்ஜ்ல மொகம் கழுவி, தூக்கக் கலக்கத்தோட உள்ள போறோம். இதெல்லாம் பெரியவருக்கும் தெரிஞ்சிருக்கும்.

அவருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு, பெஞ்சு. அதச் சொல்லத்தான் எழுதுறேன்.

மூணு வருசத்துக்கு முன்னாடி மே மாசம் நாங்களும் எங்க கொழுந்தன் வீடும் சேந்து பதினோரு பேரு ஒரு வேன் புடிச்சு இங்க ஒரு பார்க்குக்குப் போனோம், எந்த பார்க்குனு எழுதல, ஊரு பேரும் வேணாம், அவங்க மட்டும்தான் அப்படின்னு ஆயிரும். வாசல்லயே பையத் தொறந்து பாத்து புளியோதரைய வெளிய வைக்கச் சொல்லிட்டாங்க. சரி, அதுகூட பரவால்ல, சிங்கப்பூர்லயும் வெளிச் சாப்பாட்ட விடுறதில்ல. உள்ள போனா லாக்கர் பத்து மணிக்கே தீந்து போச்சு, மிச்சம் இருந்த ரெண்டு மூணுக்கும் சாவி இல்ல. அப்புறம் என்ன, நான், எங்க அத்தை (எங்க வீட்டுக்காரரோட அம்மா), எங்க ஓரகத்தி, மூணு பேரும் ஒரு சிமெண்ட் பெஞ்சுல ஒக்காந்துட்டோம். எங்ககிட்ட இருந்தது அஞ்சு பையி, ஆறு போனு, எங்க வீட்டுக்காரர் வாட்ச்சு, கொழுந்தன் கண்ணாடி, அத்தன பேரு செருப்பு. காலையில பத்தேகாலுக்கு உக்காந்தது சாயங்காலம் அஞ்சு வரைக்கும். பெஞ்சுக்கு மேல கூரை கெடையாது, பக்கத்துல இருந்த பெரிய ராட்டினத்தோட நெழலு நகர நகர நாங்களும் நகந்து நகந்து உக்காந்தோம். இதுல வேடிக்கை என்னன்னா மூணு பேருக்கும் ஃபுல் டிக்கெட்டு.

சும்மா உக்காந்தோம்னு சொல்லிட்டா போதாது, ஏன் உக்காந்தோம்னும் சொல்லணும். நம்ம ஊர்ப் பக்கம் பார்க்குனு சொல்றதுல பாதிக்கு மேல தண்ணிதான். தண்ணியில எறங்கணும்னா நைலான் உடுப்பு போடணும், சேலை, காட்டன் சுடிதார் எல்லாம் கூடாதும்பாங்க. நான் துணி விக்கிறவ, அதுல இருக்கிற நியாயம் எனக்குத் தெரியும், காட்டன்ல இருந்து நூலு பிரிஞ்சி தண்ணி சுத்தம் பண்ற மெஷின்ல போயி அடைக்கும், நனைஞ்சா கனத்துப் போயி காலச் சுத்தும். மே மாசம் வந்துட்டா எங்க கடைக்கே வந்து "அக்கா பார்க்குல போடுற மாதிரி ஃபுல் கை நைலான் இருக்கா"ன்னு கேப்பாங்க, நானும் வருசா வருசம் ஒரு மூட்டை எறக்கி வச்சு விக்கிறேன். ஆனா யாரு வாங்குறாங்கன்னு பாருங்க, காலேஜ் புள்ளைங்க, புதுசாக் கல்யாணம் ஆனவங்க. நாப்பது வயசு தாண்டுனவங்க மகளுக்கு வாங்கிட்டுப் போவாங்க, "உங்களுக்குக்கா?"ன்னு கேட்டா ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுப் போயிருவாங்க. ஒடம்போட ஒட்டுற உடுப்ப மாட்டிக்கிட்டு, கூட்டமா பயலுக குதிச்சிட்டு இருக்கிற அலைக் குளத்துல, கரையில நாலு பேரு போன தூக்கிப் புடிச்சு வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கையில எறங்குறதுக்கு எந்த அம்மாவுக்கு மனசு வரும்? லேடீஸ்க்கு தனியா எடம் விட்ட பார்க்கும் இருக்கு, இல்லன்னு சொல்லல. அங்க போனா புருசன் புள்ளைங்க ஒருபக்கம் இவங்க ஒருபக்கம், அப்புறம் குடும்பமா வந்ததுக்கு என்ன அர்த்தம்.

தண்ணி இல்லாத ராட்டினத்துக்கு வந்தா எல்லாமே தூக்கிப் போட்டு சுத்துறது, தலகீழாத் தொங்க விடுறது. எங்க அத்தை அறுவத்தேழு வயசு மனுசி, சுகர் பிபி எல்லாம் இருக்கு, அதுல எப்படி ஏறுவாங்க? அந்த மனுசி ஏறுறதுக்குனு அந்த பார்க்குல ஒண்ணே ஒண்ணு கூட இல்ல, குட்டி ரயிலு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் ரிப்பேர்னு போர்டு தொங்குச்சு.

இன்னொண்ணையும் எழுதிர்றேன், ஆம்பளைங்க படிச்சா மொகம் சுளிப்பாங்க, பரவால்ல. அன்னிக்கு எங்க அத்தை சாயங்காலம் வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கல. தாகம் இல்லாம இல்ல, தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், பாத்ரூம்ல தரையெல்லாம் ஒரே ஈரம், கொழாயில தண்ணி ஒழுகுது, கதவுல தாப்பாள் இல்ல, பையத் தொங்கவிட கொக்கி இல்ல. சேலையத் தூக்கிப் புடிப்பாங்களா, பையப் புடிப்பாங்களா, கதவப் புடிப்பாங்களா? இது எங்க அத்தை மட்டும் பண்றதில்ல, வெளியூர் போற பொம்பளைங்க நெறைய பேரு காலங்காலமா பண்றதுதான். வேன்ல திரும்பி வரும்போது அவங்களுக்குத் தலவலி, வாந்தி. புள்ளைங்க மட்டும் "செம ஜாலி"ன்னு பாட்டு பாடிட்டு வந்துச்சுங்க.

இப்ப சிங்கப்பூருக்கு வர்றேன். அங்க என்னத்தப் பாத்தீங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க, எல்லாரும் எதிர்பாக்குறது டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, அந்த சிவப்பும் நீலமுமா ரெண்டு தண்டவாளம் பின்னிக்கிட்டுப் போற ரோலர் கோஸ்டர். நான் மொதல்ல பாத்தது கூரை. வாசல்ல நொழஞ்ச தெரு பூராவுக்கும் மேல பெரிய கூரை போட்டிருக்காங்க, வெயிலும் வராது மழையும் வராது, அதுக்குக் கீழ கட, ஒக்கார எடம் எல்லாம். அத்தைக்கு அறுவது தாண்டுனதால டிக்கெட்டே கம்மி. உள்ள வேகமாப் பறக்குற ராட்டினத்துக்கிட்ட எல்லாம் லாக்கர், அதுல ஏறி எறங்குற நேரத்துக்கு காசு கெடையாது, கூடுதலா வச்சாத்தான் காசு. அது ஒண்ணுலயே எனக்குப் பாதி சந்தோசம் வந்துருச்சு, ஏன்னா கையில பையி இல்ல. கல்யாணம் ஆகி பதினெட்டு வருசத்துல ஒரு வெளியூர்ல கைய வீசிக்கிட்டு நடந்தது அன்னிக்குத்தான்னு நெனைக்கிறேன்.

எங்க அத்தை ஏறுனாங்க! செசமி ஸ்ட்ரீட் பொம்மைங்கள வச்சு மெதுவாப் போற வண்டி ஒண்ணு, பைய பைய சுத்திட்டு வரும், அதுல நான், அத்தை, மகன், மகள் எல்லாம் ஒண்ணா ஒக்காந்து போனோம். அது ஒண்ணும் பெரிய அதிசயம் இல்ல, ப்ளஸ் ஒன் படிக்கிற என் மகனுக்கு கொட்டாவி வந்துருச்சு, ஆனா எறங்குனதும் அத்தை "இன்னொரு தடவ போவமா"ன்னு கேட்டாங்க பாருங்க, அந்த மொகத்த நான் எங்க வீட்டு விசேசத்துலகூட பாத்ததில்ல. அப்புறம் கைக்கொழந்த வச்சிருந்த ஒரு தமிழ்ப் புள்ளையும் அவ வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி உள்ள போயிட்டு வந்ததப் பாத்தேன். என்னன்னு கேட்டா, அப்பா போயிட்டு வர்ற வரைக்கும் அம்மா கொழந்தையோட உள்ளயே ஒரு எடத்துல காத்திருக்கலாமாம், அவரு வந்ததும் இவ மறுபடி வரிசையில நிக்காம நேரா ஏறிக்கலாமாம். அதாவது கைக்கொழந்தக்காரிக்கும் ஆச இருக்கும்னு யாரோ ஒருத்தர் ரூம் போட்டு ஒக்காந்து யோசிச்சிருக்காங்க.

குறையும் சொல்றேன், இல்லன்னா சிங்கப்பூர்க்காரன் காசு குடுத்து எழுதச் சொன்னான்னு நெனப்பீங்க. டிக்கெட் ஆளுக்கு ஐயாயிரத்துக்கு மேல. சாப்பாட்டு வெல கேட்டாலே வயிறு நெறஞ்சிரும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ்க்கு எழுவது நிமிசம்னு போர்டு போட்டிருந்துச்சு, எழுவது நிமிசமும் நின்னோம், வரிசை போற வழி பூரா டிவி, மெஷினு, கதைன்னு எதையாச்சும் காட்டிக்கிட்டே இருக்கிறதால புள்ளைங்க நச்சரிக்கல, ஆனாலும் கால் வலி கால் வலிதான். கூடக் காசு குடுத்தா வேற வரிசையில சீக்கிரம் விட்டுர்றாங்க, நம்ம கோயில் சிறப்பு தரிசனம் கணக்கா. நடுவுல இடி இடிச்சதும் வெளியில இருக்கிற ராட்டினத்த எல்லாம் நிப்பாட்டிட்டாங்க, ஒரு மணி நேரம் போச்சு.

நிப்பாட்டுறதப் பத்திப் பேசும்போது பாதுகாப்பையும் சொல்லிர்றேன். கோளாறு அங்கயும் வரும். நான் சொன்னேனே அந்த ரெட்டைத் தண்டவாள கோஸ்டர், அது 2010-ல தொறந்து கொஞ்ச நாள்லயே ஒரு கோளாறுன்னு மூடி, மறு வருசம்தான் மறுபடி தொறந்தாங்களாம். திருப்பி 2013-ல மூடி, சீட்டையெல்லாம் மாத்தி 2015-லதான் மறுபடி ஆள் ஏத்துனாங்க. ரெண்டு வருசம் சும்மா நின்னிருக்கு, அம்புட்டு காசு போட்ட மெஷினு. நம்ம நாட்டுல 2019-ல அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில ராட்டினம் ஒடஞ்சி ஆளுங்க செத்தது, 2025 மே மாசம் சென்னை ஈசிஆர்ல ஒரு பார்க்ல ராட்டினம் மேலயே நின்னுபோயி மணிக்கணக்கா ஜனங்க தொங்கிக்கிட்டு இருந்தது, இதெல்லாம் டிவியில பாத்த அப்பா அம்மா அடுத்த லீவுக்கு எங்க போவோம்னு பேசும்போது மனசுல அதுதான் வந்து நிக்கும்.

இதுக்கு பெரியவர் என்ன சொல்லுவாருன்னு தெரியும், "அவங்க மெஷினு ஒசத்தி, நம்மளுது மட்டம்னு சொல்ல வர்றியா தாயி"ன்னு. அதுதான் இல்லங்கய்யா. மெஷினு எல்லாருக்கும் ஒரே கடைச் சரக்கு. சிங்கப்பூர் கோஸ்டர செஞ்சது வெகோமான்னு ஒரு நெதர்லாந்து கம்பெனி, நம்ம ஊரு பார்க்குங்களுக்கும் அவங்க செஞ்சு குடுத்திருக்காங்க. மும்பை பூனா ரோட்டுல இமேஜிக்கா பார்க்ல 2013-லேருந்து ஓடுற நைட்ரோங்கிற கோஸ்டர் சுவிட்சர்லாந்துக்காரங்க செஞ்சது. இப்ப 2025 டிசம்பர்ல சென்னைக்குப் பக்கத்துல திருப்போரூர் கிட்ட வொண்டர்லா தொறந்தாங்கல்ல, அதுல தஞ்சோரான்னு தஞ்சாவூர் ஞாபகமா பேரு வச்சு கால் தொங்குற மாதிரி கோஸ்டர் போட்டிருக்காங்க, அதுவும் அதே சுவிஸ் கம்பெனிதான். கொச்சியில 2000-ல வீகாலேண்டுன்னு ஆரம்பிச்ச ஆளுங்கதான் அந்த வொண்டர்லா, நெறைய ராட்டினத்த அவங்களே சொந்தமா செய்றாங்களாம். கைத்தெறமை எல்லாம் நம்மகிட்ட இருக்கு. என் மகன்கிட்ட கேட்டா "ராட்டினத்த மட்டும் வச்சுப் பாத்தா இந்தியாவுலயே போதும்மா"ன்னுதான் சொல்றான். அவனுக்குப் போதும். அவன் பெஞ்சுல ஒக்காந்ததில்லையே.

பெஞ்சுன்னு சொன்னதும் ஒரு கதை. டிஸ்னிலேண்ட் இருக்கே, அது எப்படி வந்துச்சுன்னா, வால்ட் டிஸ்னி லீவு நாள்ல ரெண்டு பொம்பளப் புள்ளைங்களையும் கூட்டிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிரிஃபித் பார்க்குக்குப் போவாராம், புள்ளைங்க குதிரை ராட்டினத்துல சுத்தும், இவரு கடலைய கொறிச்சுக்கிட்டு பெஞ்சுல தனியா ஒக்காந்திருப்பாராம். அப்பத்தான் தோணிச்சாம், அப்பா அம்மாவும் புள்ளைங்களும் சேந்து வெளையாடுற மாதிரி ஒரு எடம் ஏன் இல்லன்னு. 1955 ஜூலை 17 தொறந்தாங்க. தொறக்குற நேரத்துல கொழாய் வேலைக்காரங்க ஸ்ட்ரைக்கு, குடிதண்ணிக் கொழாய் வேணுமா கக்கூஸ் வேணுமா, ரெண்டுல ஒண்ணுதான் முடிக்க முடியும்ன்னதுக்கு அவரு கக்கூஸ்தான் வேணும்னாராம். அன்னிக்கு தார் ரோடு உருகி பொம்பளைங்க ஹீல்ஸ் செருப்பு உள்ள போயிருச்சு, தண்ணி கெடைக்கலன்னு ஜனங்க திட்டித் தீத்துட்டாங்க, மொத நாளு படுகேவலம்னு பேரு. ஆனாலும் அந்த மனுசன் எதத் தேர்ந்தெடுத்தாருன்னு பாருங்க. எங்க அத்தைகிட்ட இந்தக் கதையச் சொன்னேன், "பொண்டாட்டி சொல்லிக் குடுத்திருப்பா"ன்னாங்க.

இப்ப நம்ம பார்க் மொதலாளிங்க பக்கமும் பேசணும், நானும் வியாபாரம் பண்றவதான். அவங்களுக்கு வருமானமே ஏப்ரல் மே, அப்புறம் தீபாவளி பொங்கல் லீவு, மத்த நாள்ல ஸ்கூலு காலேஜ் டூர் பஸ்ஸு வந்தாத்தான் கரண்ட் பில்லு கட்ட முடியும். பஸ்ஸுல வர்றது யாரு, வயசுப் புள்ளைங்க. அதுங்களுக்கு நெழலும் வேணாம் கொக்கியும் வேணாம், தூக்கிப் போட்டுச் சுத்துனாப் போதும். அதனால பார்க்கே அவங்களுக்குன்னு ஆகிப் போச்சு. 2017-ல ஜிஎஸ்டி வந்தப்ப பார்க் டிக்கெட்டுக்கு 28 பர்சென்ட் போட்டாங்க, சூதாட்டம் கணக்கா, அப்புறம் 2018 ஜனவரியில 18 ஆக்குனாங்க. வெளிநாட்டு மெஷினுக்கு டூட்டி வேற. அங்கிட்டு இருக்கிறவன் டிக்கெட்டு போக பொம்மை வித்து, சாப்பாடு வித்து, ஓட்டல் நடத்தி சம்பாதிக்கிறான், இங்க டிக்கெட்டுதான் எல்லாம், அந்த டிக்கெட்டுக்கும் நாம நூறு ரூவா கொறைக்கச் சொல்லி குரூப் புக்கிங் பண்ற ஆளுங்க. எல்லாம் சரி. ஆனா கதவுல ஒரு கொக்கி மாட்டுறதுக்கு என்ன இம்போர்ட் டூட்டி? எந்த இரும்புக் கடையிலயும் கெடைக்கும். பெஞ்சுக்கு மேல தகரமோ கீத்தோ போட சுவிட்சர்லாந்துக்கா போகணும்? ஒரு வேப்பமரம் வச்சிருந்தா அந்த பார்க் ஆரம்பிச்ச வருசத்துக்கு இந்நேரம் கூரைய விட பெருசா வளந்திருக்கும்.

அதுவும் யாருக்கு இது தெரியாது, மதுரைக்காரங்களுக்கா? அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்கு லட்சோப லட்சம் ஜனம், அந்த சித்திரை வெயில்ல தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல், பானகம், தண்ணிப் பந்தல், யாரு எவருன்னு கேக்காம ஊத்திக் குடுப்பாங்க. வெயில்ல வந்தவங்களுக்கு நெழல் வேணும், தண்ணி வேணும்ங்கிறத எந்த யுனிவர்சலும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. வரிசையே இல்லாத கூட்டத்துல நின்னு, துருத்தியில பீச்சுற தண்ணியில நனைஞ்சு, ராத்திரி பூரா ராமராயர் மண்டபத்துல தசாவதாரம் பாத்து, விடிய விடிய முழிச்சு, ஒருத்தர் கூட "வெயிட்டிங் டைம் எம்புட்டு"ன்னு கேட்டதில்ல. எங்க அத்தை அந்தக் கூட்டத்துல அந்த வயசுலயும் முன்னாடி நிப்பாங்க. ஏன்னா அந்தக் கதை அவங்களுக்குத் தெரியும்.

கதைய பத்திச் சொல்லாம முடிக்க மாட்டேன். யுனிவர்சல்ல வாட்டர்வேர்ல்டுன்னு ஒரு ஷோ, தண்ணியில மோட்டார் படகு பறக்குது, நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்புது, கடைசியில ஒரு ஏரோப்ளேனே வேலியத் தாண்டி வந்து விழுது. ஏறவும் வேணாம் சுத்தவும் வேணாம், ஒக்காந்து பாக்கிறதுதான், அத்தைக்கு ரொம்பப் புடிச்சது. ஆனா நடுவுல நடுவுல என் கையச் சுரண்டி "இதுல யாரு நல்லவன், யாரு கெட்டவன்"னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. என் மகளுக்கு மினியன்ஸ பாத்ததும் குதி குதின்னு குதிக்க முடியுது, ஏன்னா டிவியில நாலு வயசுலேருந்து அதப் பாத்து வளந்தவ, அவளுக்கு எப்பவோ டிக்கெட் வித்தாச்சு. அத்தைக்கு அப்படி இல்ல.

ஆனா அதே அத்தைய நம்ம திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒலி ஒளிக் காட்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, சிலப்பதிகாரக் கதை, அவங்க அடுத்த வசனத்த முன்கூட்டியே சொல்லுவாங்க. நான் சின்னப் புள்ளையில பாத்ததும் அதுதான், என் புள்ளைங்க பாக்கிறதும் அதுதான். சேர்ல ஒக்காந்தா தூணு ஒண்ணொண்ணுலயும் கலர் லைட்டு மாறும், குரல் மட்டும் கேக்கும், ஒரு ஆளும் வரமாட்டாங்க. ஒரு பொம்பள மதுரையையே எரிச்ச கதைய நாம சிவப்பு லைட்ட போட்டுக் காட்டுறோம், கதையே இல்லாத எடத்துல அவன் நெசமான நெருப்பக் காட்டி ஐயாயிரம் வாங்குறான். மகாலுக்குள்ள நெருப்பு வைங்கன்னு சொல்லல, தூணு எல்லாம் கரியாயிரும், தொல்லியல்காரங்க என்னைத் தேடி வருவாங்க. வெளிய எங்கயாச்சும் ஒரு பொட்டல்ல பண்ணலாம்ல?

என் மகன் யூடியூப்ல ஒண்ணு காமிச்சான். பிரான்சுல வாந்தேங்கிற மாவட்டத்துல ஒரு கிராமத்துப் பக்கம், புய் து ஃபூன்னு பேரு, அங்க 1978-ல சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாம் சேந்து அவங்க ஊரு சரித்திரத்தையே ராத்திரியில பெருசா நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சிருக்காங்க, சம்பளம் இல்லாம. அப்புறம் அதுவே பெரிய பார்க்கா ஆயிருச்சு, உள்ள பெரிய ராட்டினமே கெடையாதாம், கப்பல் தண்ணிக்குள்ளேருந்து எழும்புறது, ரோமாபுரி ரதப் போட்டி, கத்திச் சண்டை, எல்லாம் ஒக்காந்து பாக்கிறதுதான். வருசத்துக்கு இருவது லட்சம் பேருக்கு மேல போறாங்க. எங்க அத்தை மாதிரி ஆளுங்களும் பேரப் புள்ளைங்களும் ஒரே பெஞ்சுல ஒக்காந்து பாக்கலாம். பெஞ்சுல ஒக்கார்றது எனக்கு வெறுப்பில்லங்க, அதுல இருந்து பாக்கிறதுக்கு ஏதாச்சும் இருக்கணும். கீழடியில 2023-ல மியூசியம் தொறந்தோம், அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில 2024 ஜனவரியில ஏறுதழுவலுக்குன்னே அரங்கம் கட்டியாச்சு, நாடகக் கலைஞருங்களுக்கும் ஒயிலாட்டம் கரகாட்டம் ஆடுறவங்களுக்கும் நம்ம பக்கம் பஞ்சமே இல்ல, வருசத்துல பாதி நாளு அவங்களுக்கு வேலை இல்ல. இத எல்லாம் சேத்து யோசிக்க யாராவது மொதலாளியோ அதிகாரியோ இருந்தா இந்தப் பேப்பர் அவங்க கண்ணுல படட்டும்.

நான் சின்னப் புள்ளையா இருக்கையில தமுக்கத்துல சித்திரைப் பொருட்காட்சிக்கு எங்க அம்மா கூட்டிட்டுப் போவாங்க. டெல்லி அப்பளம், மொளகா பஜ்ஜி, மரணக்கிணறு, ராட்டினம். ஒரு தடவ கூட அம்மா ராட்டினத்துல ஏறி நான் பாத்ததில்ல. கீழ நின்னு எங்க செருப்ப கையில புடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க, நாங்க மேலேருந்து கைய ஆட்டுவோம், அவங்களும் செருப்போட கைய ஆட்டுவாங்க. அம்மாவுக்குப் பயம்னு நெனச்சேன் அப்ப. இப்ப நெனச்சுப் பாத்தா, செருப்ப வாங்கிக்க அங்க வேற ஆளு இல்ல.

இந்தக் கடிதத்த ரெண்டு நாளா கடையில கல்லாவுல ஒக்காந்து எழுதிட்டு இருக்கேன். நடுவுல, வர்ற லீவுக்கு எங்க ஓரகத்தி புள்ளைங்க பார்க்குக்குப் போகணும்னு கேட்டுச்சுங்க, சரி இந்தத் தடவை உள்ளூர்லயே போவோம், பெரியவர் சொல்றதுக்கும் ஒரு மரியாதை குடுப்போம்னு, ஒரு பார்க்குக்கு போன் போட்டேன். டிக்கெட் வெல, டைமிங் எல்லாம் அந்தத் தம்பி நல்லா மரியாதையாச் சொல்லுச்சு. கடைசியா கேட்டேன், "தம்பி, நாங்க ஒம்போது பேரு, பை வைக்க லாக்கர் எல்லாருக்கும் கெடைக்குமா?"

"லாக்கர் சீக்கிரம் ஃபுல் ஆயிரும்க்கா. உங்க கூட அம்மா, மாமியாருன்னு பெரியவங்க யாராச்சும் வருவாங்கல்ல, அவங்கள ஒரு எடத்துல ஒக்கார வச்சிருங்க. எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

இப்படிக்கு,
விளக்குத்தூண் ரெடிமேட் கடைக்காரம்மா,
வில்லாபுரம், மதுரை.